நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டும் கையில் ஒன்றும் நிற்கவில்லை, பொது கரண்ட் பில்லும் ஏறுகிறது: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நாலு போர்ஷன் உள்ள வீடு, பாதிக்கு மேல் கடன் போட்டு வாங்கியது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், அந்தந்தக் குடித்தனக்காரரே கட்டிவிடுகிறார். தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் மட்டும் பொது மீட்டரில், அது என் கணக்கு. மூன்று மாதமாக அந்தப் பில் ஒன்றரை மடங்கு வருகிறது. முன்பு தினமும் இரண்டு மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது மூன்றரை மணி நேரம் ஓடினால்தான் தண்ணீர் போதுகிறது. ஆட்கள் யாரும் கூடவில்லை, கேட்டால் ஒருவர் அடுத்தவரைக் கை காட்டுகிறார். ஒரு போர்ஷன் இந்த வருடம் இரண்டு மாதம் காலியாக வேறு கிடந்தது. போட்ட பணத்துக்கு 6% வாடகை வரும் என்று நம்பித்தான் வாங்கினேன், தவணை கட்டியதும் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. வாடகையை ஏற்றட்டுமா, விற்றுவிடட்டுமா?

பதில் 1:
முதலில் வாடகையில் கை வைக்காதீங்க. குடித்தனக்காரர் செய்யாத தப்புக்கு அவரிடம் பணம் வாங்கியது போல ஆகிவிடும்.

1 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதல் என்றால் மாதம் 45 யூனிட். யூனிட் கூடக்கூட விலையும் கூடும் இடமாக இருந்தால் இன்னும் வலிக்கும். ஒரு வேலை செய்யுங்கள். இரவு 11 மணிக்கு மேல்தொட்டியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு குச்சியை உள்ளே விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கும் முன், மறுபடி பாருங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது. குறையவே இல்லை, ஆனால் நிரம்ப மட்டும் நேரம் எடுக்கிறது என்றால் மோட்டார் தேய்ந்திருக்கலாம், நிலத்தடி நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், மேலே ஏறும் குழாயில் கசிவு இருக்கலாம்.

பதில் 2:
தண்ணீர்க் கணக்கை அவர் சொல்லிவிட்டார், நான் பணக்கணக்கைச் சொல்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் 6% மொத்த வாடகைக் கணக்கு. வீட்டு விலை 100 என்று வையுங்கள், முழு வருடமும் ஆள் இருந்தால் வாடகை 6. நாலு போர்ஷனுக்கு 48 மாத வாடகை வரவேண்டிய இடத்தில் 46 மாதம்தான் வந்திருக்கிறது, அப்போதே 5.75 ஆகிவிட்டது. சொத்து வரி, பொது பில், பெயின்ட், பிளம்பர் எல்லாம் சேர்ந்து 1.25 என்றால் மீதி 4.5. பத்திரப் பதிவு, ஆரம்ப ரிப்பேர் இதற்கெல்லாம் 10 செலவாகியிருந்தால் நீங்கள் போட்டது 100 அல்ல, 110. ஆக உண்மையான வரவு 4.1% அளவில்தான். உங்கள் ரசீதுகளை எடுத்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தவணை முழுவதும் செலவு இல்லை. வட்டி மட்டும்தான் செலவு, அசலாகப் போகும் பகுதி உங்கள் சொத்தாகத்தான் சேருகிறது. கையில் காசு இல்லை என்பதற்காகவே நஷ்டம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் கடன் வட்டி விகிதம் அந்த 4.1-ஐவிட அதிகம் என்றால், கடன் வாங்கிய பகுதிக்கு நீங்கள்தான் கையைவிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், இடத்தின் விலை ஏறினால்தான் அது ஈடாகும். விற்பதா வேண்டாமா என்று இதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும், மூன்று மாதப் பில்லை வைத்து அல்ல.

கேட்டவர்:
குச்சி வைத்துப் பார்த்தேன். 1000 லிட்டர் தொட்டியில் ஆறு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது! ஆனால் எந்த போர்ஷனிலும் சுவர் ஈரமாக இல்லை, குழாயும் சொட்டவில்லை.

பதில் 1:
அப்படியென்றால் கழிவறை ஃப்ளஷ் டேங்க்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சத்தமில்லாமல் போனாலே நாளைக்கு 1440 லிட்டர். டேங்கில் கொஞ்சம் நீல மை விட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால், மிதவை தண்ணீரை நிறுத்தாமல் உள்ளே இருக்கும் குழாய் வழியாக வழிகிறது, அல்லது அடி வாஷர் போய்விட்டது.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது, மிகவும் நன்றி. காலியாக இருந்தது என்று சொன்னேனே, அதே போர்ஷன்தான். மூடியைத் திறந்ததும் தெரிந்தது, மிதவைக் கை சுண்ணாம்பு படிந்து பாதியிலேயே நின்றுவிட்டது, தண்ணீர் நடுக்குழாய்க்குள் நூல் போல இறங்கிக்கொண்டே இருந்தது. புதிதாக வந்த அம்மா பயந்துபோய் "நாங்க எதையும் தொடவே இல்லைங்க" என்றார். போன வாரம்தான் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியிருந்தேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மிதவையை மாற்றியாயிற்று, மோட்டார் மறுபடி இரண்டு மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

பதில் 3:
நல்லது. அப்படியே ஒவ்வொரு போர்ஷனுக்கும் போகும் தண்ணீர்க் குழாயில் ஒரு மீட்டர் போட்டுவிடுங்கள், அடுத்த முறை யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்காது. ஆள் காலி செய்து போகும்போது ஃப்ளஷ் டேங்க் மூடியையும் திறந்து பார்த்துவிட்டுச் சாவி வாங்குங்கள்.

கேட்டவர்:
சரி, செய்கிறேன். வாடகையை இந்த வருடம் ஏற்றப்போவதில்லை. வங்கிக்குப் போய் வட்டியைக் குறைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன், ரசீதெல்லாம் எடுத்து வைத்தாயிற்று.