ரேஷன் அரிசியும் மாட்டுக்குக் கேட்ட கீரையும்: கையைக் கடிக்காமல் சமைத்துச் சாப்பிட்ட அனுபவங்கள்

ஆலங்குளத்தாள்

2023-இல் ரேஷன் அரிசியில் வெள்ளை வெளேரென்று வேறு நிறத்தில் சில மணிகள் வரத் தொடங்கியபோது, அது பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் எழுந்த பேச்சு உங்கள் ஊரிலும் எழுந்திருக்கும். நான் அதை நம்பினேன். அரிசி களையும்போது மிதந்த மணிகளை விரலால் ஒதுக்கி, சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் உலை வைப்பேன். ஏறத்தாழ எட்டு மாதம் இப்படிச் செய்தேன். மகளின் உடம்பைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை வேறு.

அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று குறைவாக வந்தது. அதை விசாரிக்க வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர், நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்து, ஒதுக்கி வைத்திருந்த மணிகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். "இதுதான் அக்கா மருந்து, இதையா கொட்டுறீங்க?" என்றார். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவத்திலேயே பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்திருந்தார்களாம். நூறில் இருந்த அந்த ஒன்றையே தேடிப் பிடித்து எறிந்திருக்கிறேன். அவர் மென்ற சத்தம் இப்போதும் உலை வைக்கும்போதெல்லாம் கேட்கிறது.

மேன்சன் வாசி

திருவல்லிக்கேணி மேன்சனில் இருந்தபோது என் சம்பளம் 9,000 ரூபாய். அதில் பாதி ஊருக்குப் போய்விடும். 2013-இல் அம்மா உணவகம் வந்த பிறகு ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் காலையையும் மதியத்தையும் பார்த்துக்கொண்டன. காய் என்று ஒன்று தட்டில் விழ வேண்டுமானால் இரவில் நானே சமைக்க வேண்டும். அறையில் சமைக்கக் கூடாது என்ற விதியை மேன்சனில் எத்தனை பேர் மீறினார்கள் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

தெருமுனையில் காய் விற்ற அம்மா, முள்ளங்கியின் தழையை முறித்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள், அதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும், வாயில் வந்த பொய்யாக, "மாட்டுக்கு" என்றேன். மூன்றாவது மாடியில், பத்துக்குப் பத்து அறையில் எனக்கு ஏது மாடு? அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். மறுநாள் நான் அந்தப் பக்கம் போகவே கூசி எதிர்ப்புறமாக நடந்தபோது, அவரே கூப்பிட்டு, பழுத்த இலைகளை நீக்கி வாழை நாரால் கட்டிய ஒரு கட்டை நீட்டினார். "உன் மாட்டுக்கு எடுத்து வெச்சிருக்கேன். பாசிப்பருப்புப் போட்டு, பூண்டு நாலு பல்லு தட்டிப் போடு. மாட்டுக்குக் காட்டம் தெரியாது" என்றார். ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்தக் கட்டு எனக்காகக் காத்திருந்தது. மாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். வேலை மாறி அறையைக் காலி செய்தபோது அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.

விடுதிக் கணக்கர்

அரசு மாணவர் விடுதியில் சமையற்கட்டுக் கணக்குப் பார்த்தவன் நான். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுத் தருமாறு தினமும் வந்து நின்ற ஒரு மாணவனை, சமையற்கட்டுக்குள் வரக் கூடாது என்ற விதியைச் சொல்லித் துரத்தியிருக்கிறேன். கஞ்சி சாக்கடைக்குத்தான் போனது. என் அனுபவம் இவ்வளவுதான்.

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மணிகளை எறிந்ததால்தான் குழந்தைக்குச் சோகை வந்தது என்பது சரியல்ல. செவிலியர் அதை மருந்து என்றது பேச்சுக்குப் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது. குடற்புழு இருக்கிறதா, மாதவிடாயில் போக்கு அதிகமா, பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுக்கொள்கிறாளா என்பவற்றை முதலில் பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் முழுதாகச் சேர விடாது. முருங்கைக்கீரையில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால், அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். கேழ்வரகை ஊற வைத்து முளைகட்டி அரையுங்கள்: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அந்தச் சத்துக்குப் பால் வாங்கிக் கட்டுப்படியாகாது. கொள்ளுப் பயறை இரவே ஊற வையுங்கள். வேக வைத்த நீரைக் கொட்டாமல் ரசம் வையுங்கள். சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் வேறு மீனை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். சோற்றை வடிக்காமல் பொங்கி இறக்கினால் பி வைட்டமின்களும் கஞ்சியோடு வெளியேறாது. இவை எதற்கும் பெரிய செலவில்லை. மனம் இருந்தால் போதும்.

செக்கிங் அக்கா

மேலே எழுதியிருக்கும் ஐயாவின் கடைசி வரிக்காகவே இதை எழுதுகிறேன், ஏனென்றால் இதே வரியை நானும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். நான்கு பேர் சாப்பாட்டை ஒரு நாளைக்கு 80 ரூபாய்க்குள் முடிக்கிறேன் என்று மதிய இடைவேளையில் பெருமையாகக் கணக்குச் சொல்வேன்: ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், மீதி சில்லறைச் செலவு. புதிதாகச் சேர்ந்த, வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் அதைத் துணி மடிக்கும் அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள். மனம் இருந்தால் முடியும் என்று அவளிடம் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய டப்பாவைத் தற்செயலாகப் பார்த்தேன். சோறும் ஊறுகாயும் மட்டும் இருந்தன. அவளுடைய ரேஷன் அட்டை ஊரில் மாமியார் கையில் இருந்தது. அரிசியும் பருப்பும் அவளுக்குக் கடை விலைதான். அவளிடம் இருந்தது 5 கிலோ சிலிண்டர், அதில் கொள்ளு வேக வைத்தால் மாதக் கடைசியில் அடுப்பு அணைந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வருகிறவள் கேழ்வரகை எப்போது முளைகட்டுவாள்?

என் டப்பாவில் அன்று முருங்கைக்கீரைப் பொரியலும், தேங்காய்த் துவையலும், ஒரு முட்டையும் இருந்தன. அவள் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, உங்க வீட்டுல முருங்கை மரம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

முருங்கை, தென்னை, பப்பாளி, கறிவேப்பிலை, மூன்று கோழிகள். என் 80 ரூபாய்க் கணக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. "இருக்குது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.