கெய்ன் பரிசுக்கு அச்சாகாத கதையை அனுப்பலாமா?

கணக்குப்பிள்ளை:
கம்பாலாவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் உகாண்டாப் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிலத்தில் சிறுகதை எழுதுவார். இதுவரை ஒன்றும் அச்சில் வரவில்லை. போன வாரம் ஏதோ 'சர்வதேச விருது' என்று ஒரு கதையை அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: கதை பிரமாதம், நாற்பது டாலர் கட்டினால் இறுதிச் சுற்று. பாவம், பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார். பேசாமல், ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் ஆங்கிலச் சிறுகதைக்குப் பிரிட்டனில் தரும் கெய்ன் பரிசுக்கே அனுப்பச் சொல்லலாமா?

பழைய நைரோபிக்காரன்:
முதலில் அந்த நாற்பது டாலரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரை மணியில் கதை படித்து முடிவு சொல்லும் நடுவரை நான் இந்த அறுபது வயதில் பார்த்ததில்லை.

கெய்ன் இப்போதைக்கு ஆகாது. அச்சில் வந்த கதைக்குத்தான் அந்தப் பரிசு, அதையும் பதிப்பாளர்தான் அனுப்ப வேண்டும். பெரிய பரிசுதான், பத்தாயிரம் பவுண்டு. ஆனால் எனக்கு அதன் மீது மரியாதை வந்தது தொகையால் அல்ல. 2002இல் அதை வென்ற கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா ஊருக்குத் திரும்பி, நண்பர்களோடு 'க்வானி?' என்ற இதழைத் தொடங்கினார். நைரோபித் தெருப்பேச்சில் அதற்கு 'அதனால் என்ன?' என்று பொருள். மறு ஆண்டே கெய்ன் பரிசு பெற்ற இவோன் ஒவூரின் கதை அந்த இதழில் வந்ததுதான். ஒரு பரிசு ஓர் இதழைப் பெற்றெடுத்தது, இதழ் அடுத்த பரிசைக் கொண்டுவந்தது!

உங்கள் தோழிக்குத் தோதானது காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. அச்சாகாத கதைதான் கேட்கிறார்கள், 2,000 முதல் 5,000 சொற்கள். கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆப்பிரிக்க வட்டாரத்தில் வென்றால் 2,500 பவுண்டு, மொத்தத்தில் வென்றால் 5,000. சுவாஹிலியில் எழுதினாலும் ஏற்கிறார்கள். ஏன், தமிழிலும் அனுப்பலாம் (நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?). 2014இல் அதை வென்றவர் உங்கள் கம்பாலாக்காரர்தான், ஜெனிஃபர் மகும்பி. மான்செஸ்டரில் இறந்த கணவனின் உடலோடு ஊருக்கு வரும் பெண், அங்கே அவனுக்கு இன்னொரு மனைவி இருப்பதைக் காணும் கதை. ஈமச் சடங்கை வைத்து இவ்வளவு சிரிக்க வைக்க முடியுமா என்று வியந்தேன்.

வாசுகி:
கெய்னை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா ஐயா? லண்டன்காரர்களுக்குப் பிடித்த வறுமையைத்தானே அங்கே தேர்ந்தெடுக்கிறார்கள்? 2011இல் வென்ற ஜிம்பாப்வே எழுத்தாளர் நோவயலட் புலவாயோவின் கதையில் பசித்த பிள்ளைகள் பணக்காரத் தெருவுக்குக் கொய்யா திருடப் போகிறார்கள். அதையே முதல் அத்தியாயமாக்கி அவர் நாவல் எழுதியபோது, 2001இல் இதே பரிசை வென்ற நைஜீரிய எழுத்தாளர் ஹெலோன் ஹபிலாவே 'வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது' என்ற குற்றச்சாட்டை எழுப்பினார்.

பழைய நைரோபிக்காரன்:
அந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு அம்மா. ஆனால் அந்தக் கொய்யாக் கதையில் பசியைவிடப் பிள்ளைகளின் வாய்த்துடுக்கு அல்லவா மனதில் நிற்கிறது? 2007இல் உகாண்டாவின் மோனிகா அரக் டி நியெகோ வென்றாரே, அதில் வறுமையா பேச்சு? இரண்டு பெண்களின் காதல். கதைக்குப் பெயர் ஜம்புலா மரம். ஜம்புலா என்றால் நம் நாவல் மரமேதான். நாக்கு ஊதாவாகும் அதே பழம்.

கணக்குப்பிள்ளை:
நன்றி ஐயா. பணம் கட்டவில்லை. காமன்வெல்த்துக்கே அனுப்புகிறார். ஆனால் கதை 7,000 சொற்கள் இருக்கிறது. நடுவில் வரும் பாட்டியை எடுத்துவிட்டால் கச்சிதமாக 5,000 என்று சொன்னேன். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.