ஏஐ எழுதும் கோடைச் சரிபார்க்கச் சொல்லித்தர ஆள் வேண்டும் – வியாசர்பாடி

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 2 மணி நேரம் கோட் ரிவியூ சொல்லித்தர சீனியர் டெவலப்பர்கள் தேவை.

ஃபிரெஷருக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலையையெல்லாம் கோப்பைலட், கர்சர் போன்ற ஏஐ டூல்கள் நிமிஷத்தில் எழுதிவிடுகின்றன. தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைதான் இனி நிற்கும். ஏஐ எழுதும் கோட் ஓடும். ஆனால் யூசர் தட்டிய பெயரை எஸ்க்யூஎல் வரிக்குள் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) அப்படியே ஒட்டியிருக்கும். ஒற்றை மேற்கோள்குறியோடு எப்போதும் உண்மையாகிற ஒரு ஓஆர் (OR) கண்டிஷனைப் பெயர் இடத்தில் தட்டினால் டேபிள் மொத்தமும் வெளியே வந்துவிடும். இல்லாத பேக்கேஜையும் (பிறர் எழுதி வைத்த ரெடிமேட் கோட்) இம்போர்ட் செய்யும். அந்தப் பெயரில் எவனாவது மால்வேர் ஏற்றிவைத்திருந்தால் தொலைந்தோம்.

வருபவர்கள் 50 வரிக்குள் பிழையுள்ள பைத்தான் ஃபைல் ஒன்று கொண்டுவாருங்கள். கம்பெனி கோட் மட்டும் வேண்டவே வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருந்தாலும் கொடுங்கள். முடிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.