வாடகை வீட்டுப் படுக்கையறை: 12,000 ரூபாய்க்குள் எதை முதலில் செய்வது?

உறையூர்வாசி:
திருச்சியில் வாடகை வீடு. படுக்கையறை 10க்கு 11 அடி, உயரம் ஒன்பதரை. சுவரில் பழைய நீல டிஸ்டம்பர் (மலிவான, மாவு உதிரும் சுவர்ப் பூச்சு); தோள் உரசினால் சட்டையில் மாவாக ஒட்டுகிறது. மேற்குச் சுவரில் 4க்கு 4 ஜன்னல். அதற்குக் கீழே இரண்டடி அகலத்துக்கு பெயின்ட் பொரிந்து உப்பு பூத்திருக்கிறது. கதவில்லாத கடப்பா கல் அலமாரி, பச்சை ஸ்டீல் பீரோ, வெள்ளை டியூப் லைட். கட்டிலும் மெத்தையும் நன்றாகவே இருக்கின்றன, மாற்றப் போவதில்லை. பெயின்ட் அடிக்க ஓனர் சம்மதித்துவிட்டார், ஆனால் செலவு எங்களுடையது. ஆள் வைக்காமல் நாங்களே அடிப்பதாக எண்ணம். மொத்தக் கையிருப்பு 12,000. உப்பு பூத்த இடத்தை மறைக்க செங்கல் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா? என்ன வரிசையில் செய்வது, எவ்வளவு பெயின்ட் வாங்குவது?

பட்டித்தகடு:
ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். இப்போது ஜன்னலுக்குக் கீழே இருப்பது பக்கவாட்டில் பரவும். ஸ்டிக்கருக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிக்கும். அதுவும் டிஸ்டம்பர் மேல் ஒட்டியது சீக்கிரமே ஓரம் தூக்கிவிடும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுரப் பாலித்தீன் ஷீட்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் சுவருக்குள் நீர் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்பதால் வெளியே சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் கீறல் இருக்கலாம், அல்லது ஜன்னல் திண்டு உள்நோக்கிச் சரிந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் உள்ளே அடிக்கும் எந்த பெயின்டும் அடுத்த மழையில் உரியும்.

நாலு சுவருக்கும் பெயின்ட் கணக்கு: சுற்றளவு 42 அடி, உயரம் ஒன்பதரை, ஆக 399 சதுர அடி. கதவு, ஜன்னல், அலமாரி வாய் கழித்தால் ஏறத்தாழ 335. சாதாரண எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்) லிட்டருக்கு இரண்டு கோட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 4 லிட்டர் டப்பா போதும், டச்சப்புக்கும் மிஞ்சும். சீலிங் 110 சதுர அடி. ஒரு லிட்டர் வெள்ளை இழுத்துப் பிடித்தால்தான் வரும். பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் சுவர், சீலிங் இரண்டுக்கும் சேர்த்து 4 லிட்டர்.

செலவைவிட நேரம் தின்பது டிஸ்டம்பரைச் சுரண்டுவதுதான். ஸ்பாஞ்சால் நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பட்டித் தகடால் சுரண்டுங்கள். பிறகு 100 நம்பர் எமரி (உப்புத்தாள்) போட்டு, ஈரத் துணியால் தூசு துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் எதுவும் வராவிட்டால் சுவர் தயார். மாவோடு இருக்கும் சுவரில் எமல்ஷன் அடித்தால் ரோலரிலேயே தோல் தோலாக உரிந்து வரும். பிரைமர், ஓட்டை கீறலை அடைக்கப் பட்டி (புட்டி), அதன் மேல் 180 எமரி, பட்டி வைத்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர், பிறகு இரண்டு கோட் எமல்ஷன். டப்பாவில் அச்சிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காதீர்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று நீர்க்க அடித்தால் மூன்றாவது கோட் கேட்கும், லாபமே இல்லை.

சுவர்க்கோழி:
மேலே சொன்னதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடையில் பட்டி என்று கேட்டால் பெரும்பாலும் சிமென்ட் வால் புட்டிப் பையைத்தான் நீட்டுவார்கள். அது வெறும் சிமென்ட் பூச்சுக்கு. சுவரை நனைத்துவிட்டுப் போட வேண்டியது. பழைய பெயின்ட் மீதோ பிரைமர் மீதோ போட்டால் பிடிக்காது, காய்ந்தபின் தகடாகப் பெயரும். உங்களுக்கு வேண்டியது டப்பாவில் கலந்தே வரும் அக்ரிலிக் பட்டி. ஆணி ஓட்டை, மயிரிழைக் கீறல் அளவுக்கு ஒரு கிலோ போதும். ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது நடுவில் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு தடவை.

வாடகை வீட்டில் சுவர் முழுக்கப் பட்டி பார்ப்பது தண்டச்செலவு. வெளிர் நிறமும் மேட் ஃபினிஷும் எடுத்தாலே மேடுபள்ளம் பாதி மறைந்துவிடும். பளபளப்பான பெயின்ட் ஒவ்வொரு மேட்டையும் காட்டிக்கொடுக்கும்.

நிறம் எடுப்பதற்கு முன் பல்பை மாற்றுங்கள். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 6500 கே வெள்ளை வெளிச்சத்தில் சந்தன நிறமாகத் தெரிந்தது, 3000 கே மஞ்சளில் பழுப்பேறிய பழைய சுவராகத் தெரியும். டியூப் லைட் இருக்கட்டும், துணி மடிக்க, தேட அது வேண்டும். கட்டில் பக்கத்துப் பிளக்கில் ஒரு ஹோல்டர், 9 வாட் 3000 கே பல்பு. வயரிங் வேலையே இல்லை. பிறகு சின்ன டப்பா சாம்பிள் வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, மாலை நாலு மணி வெயிலிலும் இரவிலும் பாருங்கள். மேற்கு ஜன்னல் என்பதால் அந்த நாலு மணி முக்கியம்.

உறையூர்வாசி:
ஷீட் ஒட்டிப் பார்த்தாயிற்று, சுவர்ப் பக்கம்தான் வியர்த்திருக்கிறது. வெளியே சட்டத்தின் அடியில் நகக்கண் நுழையும் அளவு இடைவெளி, திண்டு சமமட்டமாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது? ஜன்னல் ஸ்கிரீன் பற்றியும் யாராவது சொல்லுங்கள், மாலையில் அறை கொதிக்கிறது.

பட்டித்தகடு:
இடைவெளியில் தளர்ந்த பூச்சைக் கிளறி எடுத்து, தூசு ஊதி, வெளிப்புற உபயோகத்துக்கான சீலன்ட் ஒரு குழாய் அடைத்துவிடுங்கள். சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட் அடிக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். திண்டை வெளிப்பக்கம் சாயுமாறு பூசுவது கொத்தனார் வேலை, அதை ஓனரிடம் சொல்வதுதான் முறை. சுவர் அவருடையது.

உள்ளே பொரிந்ததை எல்லாம் கெட்டியான பூச்சு தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு அந்த இடத்தைத் திறந்தே போடுங்கள், சில வாரங்கள் ஆகும். மறுபடி ஷீட் ஒட்டி வியர்க்காவிட்டால்தான் பிரைமர். ஐப்பசி அடைமழைக்குள் காயாவிட்டால், மீதி மூன்று சுவரை முடித்துக்கொண்டு இதைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கட்டிலை அந்தச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள்.

தறிநூல்:
ஸ்கிரீன் விஷயத்தில் பணத்தைவிட ஓட்டைதான் பிரச்சினை. ஜன்னலுக்கு நேர் மேலே அரையடி உயரத்துக்கு லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட், இருக்கும். சாதாரண டிரில் அங்கே முக்கால் அங்குலம் போய் நின்றுவிடும். அழுத்தினால் பிட் மழுங்கும், பூச்சு மட்டும் பெரிதாகப் பெயரும். பிராக்கெட்டை ஜன்னல் உச்சியிலிருந்து எட்டு அங்குலம் மேலே வையுங்கள், செங்கல் கிடைக்கும். 6 மி.மீ. பிட், அதே அளவு பிளாஸ்டிக் பிளக், குறைந்தது ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. பூச்சே அரை அங்குலம் தின்றுவிடும், பிளக் செங்கலுக்குள் போயிருக்க வேண்டும். செங்கல் தூள் சிவப்பாக வரும், கான்கிரீட் சாம்பலாக வரும், பார்த்துக்கொண்டே போடுங்கள்.

ரெடிமேட் ஸ்கிரீன் 5, 7, 9 அடி நீளத்தில் வரும், அகலம் பெரும்பாலும் 4 அடி. ஜன்னல் அடிப்பகுதி தரையிலிருந்து மூன்றடி, உச்சி ஏழடி என்றால், எட்டு அங்குலம் மேலே தொங்கும் 5 அடி ஸ்கிரீன் ஜன்னலுக்குக் கீழே நாலு அங்குலம் வந்து சரியாக நிற்கும். 7 அடி வாங்கினால் தரைக்கு எட்டு அங்குலம் மேலே, தூக்கிக் கட்டிய வேட்டி மாதிரி நிற்கும். ராடு ஐந்தரை அடி, இரண்டு ஸ்கிரீன். வெயிலுக்குக் கறுப்பு வாங்க வேண்டாம். கெட்டிப் பருத்தித் துணிக்குப் பின்னால், வெயில் பக்கம், வெள்ளைத் துணி லைனிங் தைத்தால் சூடும் குறையும், சாயமும் வெளுக்காது. கரூர் உங்களுக்குப் பக்கம். ஏற்றுமதி மிச்சத் துணி அங்கே எடை போட்டும் கிடைக்கும், ஆனால் பிரித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள், நடுவில் சாயத் திட்டு இருக்கும்.

கடப்பா அலமாரிக்கும் அதே துணியில் திரை போடுங்கள். ஸ்பிரிங் கம்பியை வாய் அகலத்தைவிட நாலு அங்குலம் குறைத்து வெட்டி இழுத்து மாட்ட வேண்டும். நாலடிக்கு மேல் போனால் தொய்யும், அப்போது அரை அங்குலக் குழாய்தான். கல்லுக்கு பெயின்ட் அடிக்காதீர்கள், பாத்திரம் உரசினாலே உரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் பவானி ஜமுக்காளம் ஒன்று, மேலே சென்னிமலை பெட்ஷீட். அறையின் பாதி நிறம் அங்கேயே வந்துவிடும், சுவரை அமைதியாக விடலாம்.

சுவர்க்கோழி:
பீரோவை யாரும் தொடவில்லை. தொழிற்சாலை பெயின்ட் மழமழப்பாக இருக்கும். 180 எமரியால் மினுமினுப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்காவிட்டால் புது எனாமல் (இரும்புக்கான எண்ணெய் பெயின்ட்) நகத்தால் கீறினாலே சுருண்டு வரும். டர்பன்டைன் துணியால் துடைத்து, துரு தெரியும் இடத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் பிரைமர்), பிறகு இரண்டு மெல்லிய கோட் எனாமல், நடுவில் ஓர் இரவு. கெட்டியாக ஒரே கோட் போட்டால் கைப்பிடிக்குக் கீழே கண்ணீர் விட்டு நிற்கும். முன்பக்கம், இரு பக்கவாட்டு, மேல் சேர்த்து 45 சதுர அடிக்குள்தான். ஒரு லிட்டர் வாங்கினால் ஜன்னல் கம்பிக்கும் வரும். சாவித் துவாரத்துக்கு டேப், கதவுகளை இரண்டு நாள் திறந்தே வையுங்கள், மூடினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும். வராந்தாவில் வைத்து அடித்தால் இரவில் வாசனைத் தொல்லை இல்லை.

காசுக் கணக்கு ஏறத்தாழ: சுவர்ச் சாமான் மொத்தம் 4,000, பீரோ 800, ஸ்கிரீன் ராடோடு 2,500, விளக்கு 400, ஜமுக்காளமும் பெட்ஷீட்டும் 2,000. கடைக்குக் கடை மாறும். மீதியைத் திண்டு பூசும் கூலியில் பாதி தருவதாகச் சொல்லிப் பாருங்கள், ஓனர் சீக்கிரம் இறங்கி வருவார்.