வடக்குப் பார்த்த அடுக்ககத்தில் மிளகும் வெற்றிலையும் வளருமா?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை பள்ளிக்கரணைப் பகுதியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பால்கனி வடக்குப் பார்த்தது. நான்கடி அகலம்தான் இருக்கும், அதிலும் பாதி இடம் துணி உலர்த்தவே போய்விடுகிறது. கூடத்தில் கிழக்குப் பார்த்த பெரிய சன்னல் ஒன்று உண்டு. காலை ஒன்பதரை மணி வரை அதன் வழியே வெயில் விழும். மொட்டை மாடியில் தொட்டி வைக்கக் குடியிருப்போர் சங்கம் இசையவில்லை.

செடி வளர்ப்பில் எனக்கு முன்னனுபவம் கிடையாது. ஆனாலும் எல்லார் வீட்டு வரவேற்பறையிலும் இருக்கிற மணி பிளாண்டிலிருந்து தொடங்க மனமில்லை. பார்ப்பவர்கள் இது என்ன செடி என்று கேட்கும்படியாகவும், பறித்தால் சமையலுக்கோ கைவைத்தியத்துக்கோ உதவும்படியாகவும் நான்கைந்து செடிகள் இருந்தால் போதும். குங்குமப்பூ, வனிலா, மிராக்கிள் பழம், மிளகு, வெற்றிலை என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே வீட்டுக்குள் வளரும் என்றுதான் விற்பவர்கள் சொல்கிறார்கள். வெற்றிலை என் மாமியாருக்காகக் கேட்பது. இவற்றில் எவை உண்மையிலேயே தேறும், எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொடிக்கால் எழுதியது:

சகோதரி, பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வீட்டில் விழும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும்; அதே நேரத்தில் சன்னலை ஒட்டிய நிழலில் சில ஆயிரமும், அறையின் நடுவில் சில நூறும்தான் மிஞ்சும். நம் கண் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். முற்பகலில், தொட்டி வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியே தெரியும்படி நிழல் விழுந்தால் அது நல்ல வெளிச்சம். கை என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நிழல் விரும்பும் செடிகளுக்குப் போதும். நிழலே விழவில்லையென்றால் விளக்கில்லாமல் அங்கே எதையும் வைக்காதீர்கள்.

வடக்குப் பால்கனி என்றதும் வெயிலே வராது என்று முடிவு கட்ட வேண்டாம். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய ஆவணிப் பிறப்பு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. அதாவது, மார்கழியில் ஒரு பொட்டு வெயில் கிடைக்காத அதே பால்கனியின் விளிம்பில் கத்திரி வெயில் விழும். அந்த மாதங்களில் தொட்டிகளைச் சுவரோரம் தள்ளி வைத்தால் போதும்.

இனி உங்கள் பட்டியல். குங்குமப்பூவை அடித்துவிடுங்கள். அதன் கிழங்கிலிருந்து பூ வெளிவர 17 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர் வேண்டும். நம் ஊர்களில் அறைக்குள் வளர்ப்பவர்கள் குளிர்பதன அறை அமைத்துத்தான் வளர்க்கிறார்கள். ஒரு பூவில் மூன்றே இழைகள், ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்துக் கிழங்கு பூத்தாலும் இரண்டு டம்ளர் பாலுக்குத்தான் காணும்.

வனிலாக் கொடி உங்கள் வீட்டில் உயிரோடிருக்கும். காய்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது பல மீட்டர் நீளம் ஓடிய பிறகே பூக்கும் ஓர் ஆர்க்கிட். பூ காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் நாமே கையால் மகரந்தம் சேர்த்துவிட வேண்டும். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறைதான் இன்றும் தோட்டங்களில் நடக்கிறது. காய் முற்ற ஏறத்தாழ ஒன்பது மாதம், அதன் பிறகு பதப்படுத்தும் வேலை தனி. மிராக்கிள் பழமோ (அதைத் தின்றபின் புளிப்பும் இனிக்கும்) அமில மண் கேட்கும் மேற்கு ஆப்பிரிக்கச் செடி. நம் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் அதன் இலைகள் வெளுத்துக்கொண்டே போகும். நன்கு கவனித்தாலும் பழம் காண மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். புதியவருக்கு அது வேண்டாம்.

மிஞ்சிய இரண்டும் உங்களுக்கென்றே அமைந்தவை. மிளகும் வெற்றிலையும் ஒரே குடும்பம். இரண்டுமே மர நிழலில் வளர்ந்து பழகியவை. சோழவந்தானிலும் கும்பகோணத்திலும் கொடிக்காலில் அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன் நிழலில்தானே வெற்றிலையை ஏற்றுகிறார்கள்? வடித்தெடுத்த வெளிச்சமும் காற்றில் ஈரமும் இருந்தால் இலை அகன்று, கரும்பச்சையாக வரும். கடையில் வாங்கிய வெற்றிலையைத் தண்ணீரில் போட்டு வளர்க்கலாம் என்று காணொளிகள் உலவுகின்றன. காம்பில் வேர் வந்தாலும் கணு இல்லாத இலையிலிருந்து கொடி கிளம்பாது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டாகக் கேட்டு வாங்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள்.

மிளகில் கொடி மிளகை வாங்காதீர்கள். குற்று மிளகு என்று கேளுங்கள். கொடியின் பக்கவாட்டில் கிளைக்கும் காய்ப்புக் கிளையை வேர்விடச் செய்து உண்டாக்குவது அது. மேலே ஏறாமல், தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதை வீட்டுத் தொட்டிகளுக்கென்றே பரிந்துரைக்கிறது. நாற்றங்காலில் ஏமாறாமலிருக்கக் கணுக்களைப் பாருங்கள்: கணுதோறும் பற்றுவேர்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது ஏறு கொடி, காய்ப்புக் கிளையின் கணுவில் அவை இருக்காது. பின்னாளில் அடியிலிருந்து பற்றுவேருடன் நீண்ட தளிர் ஓடத் தொடங்கினால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் செடியின் சத்தெல்லாம் அதற்கே போய்விடும். இலைக்கு எதிரே எலிவால் போலச் சரம் தொங்கத் தொடங்கியதும், காலைதோறும் அதன்மீது நீரைப் பூஞ்சாரலாகத் தெளியுங்கள். தோட்டத்தில் மகரந்தத்தைச் சரத்தின் மேலிருந்து கீழே இறக்கும் வேலையில் மழைக்கும் பங்கு உண்டு. வீட்டுக்குள் அந்த வேலை நம்முடையது. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துக் காயவைத்தால் ஒரே சீரான கறுப்பு மிளகு கிடைக்கும். இதற்குக் கிழக்குச் சன்னலே சரியான இடம்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

நண்பர் சொன்ன இரண்டுடன் ரம்பையையும் (பாண்டன் என்றும் சொல்லப்படும் மண இலைச் செடி) சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். இலங்கையில் கறிவேப்பிலையும் ரம்பையும் சேராத இறைச்சிக் கறி அரிது. சோறு வேகும்போது ஒரு துண்டு இலையை முடிந்து போட்டால் வீடெல்லாம் மணக்கும். பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள்தான் இதன் இலையிலும் இருக்கிறது, ஆகவே சாதாரணப் பச்சரிசியும் பாசுமதிபோல மணப்பது வியப்பில்லை. எங்கள் தொடர்மாடி வீட்டில் வெயில் நேரடியாக விழாத சமையலறை யன்னலோரம் ஒரு சாடியில் நிற்கிறது.

இது பூப்பது மிக அரிது. விதையை எதிர்பார்க்க வேண்டாம், யாராவது விதை என்று விற்றால் நம்பவும் வேண்டாம். தாய்ச்செடியின் அடியில் விசிறிபோல விரியும் பக்கக்கன்றுகளில், தடித்த வெள்ளை வேர் முனைகள் வெளியே தெரிகின்ற கன்றாகப் பார்த்துக் கையால் வளைத்துப் பிரித்தெடுத்து, அந்த முனைகள் மூழ்குமளவுக்குத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் வேர் நீளும். பிறகு மண்ணுக்கு மாற்றலாம். இலை பறிக்கும்போது நடுக்குருத்தைத் தொடாமல், கீழ் இலையிலிருந்து தொடங்கிப் பறிக்க வேண்டும். மிளகைவிட இதுதான் புதியவருக்கு முதற்செடி என்பது என் கருத்து. ஒரு வாரம் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும், மிளகு அப்படி மன்னிக்காது.

மூன்றாம்மாடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தாளை விரித்துப் பார்த்ததில் கிழக்குச் சன்னலில் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன, பால்கனியில் மங்கலான நிழல் விழுகிறது. சமையலறை மேடையில் நிழலே இல்லை. அங்கே விளக்கு வைத்தால் மின்கட்டணம் எகிறிவிடுமா? எங்கள் குழாயில் வருவது உவர்நீர், ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா? மேலும், கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பெரியம்மா இன்சுலின் செடியும் தவசிக்கீரையும் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

பாத்திக்காரர் எழுதியது:

விளக்குக் கணக்கு எளிது. 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் ஒன்றை நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இலைகளுக்கு ஓரடி உயரத்தில் அதைப் பொருத்தினால் ரம்பைக்கும் வல்லாரைக்கும் போதும். ஊதா நிற விளக்கு கட்டாயமில்லை. அது கண்ணை உறுத்துவதுதான் மிச்சம். வல்லாரையைச் சொல்ல மறந்துவிட்டார்கள்: ஆழமில்லாத தட்டில், எப்போதும் ஈரமாக வைத்தால் துவையலுக்கு ஓயாமல் பறித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆர்ஓ கழிவுநீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். குழாய் நீரில் இருக்கும் உப்பு அதில் மேலும் செறிந்துதான் வெளியேறுகிறது. இலை நுனிகள் முதலில் பழுப்பேறும், பிறகு விளிம்பெல்லாம் கருகும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. வாளியில் பிடித்து, குழாய் நீருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு மூன்று முறை ஊறவைத்து நீரை வடித்துவிட்டே கலக்க வேண்டும். அந்த நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதனுடன் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பால்கனிக்குப் பாரமும் ஏறாது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். வீட்டுக்குள் செடிகள் சாவது பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான்; மிளகுக்கும் வெற்றிலைக்கும் வேரழுகல் வந்துவிட்டால் மீட்பது கடினம். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீரை வாரம் இருமுறை கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடும்.

பெரியம்மா தரும் செடிகளை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் அரைநிழலில் வளரும். ஆனால் இன்சுலின் செடியின் இலையை நம்பி வீட்டில் யாரும் நீரிழிவு மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. மாத்திரையோடு சேர்த்து மெல்வதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். தவசிக்கீரையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மல்டி விட்டமின் கீரை என்று பெயர் பரவிவிட்டதால் பச்சையாகச் சாறு பிழிந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தைவானில் 1994, 1995 வாக்கில் உடல் மெலிவதற்காக இந்த இலையின் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் மீளாதபடி அடைத்துக்கொண்டன. சிலர் இறந்தும் போனார்கள். மலேசியாவிலும் கேரளத்திலும் காலங்காலமாக இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே எப்போதாவது ஒருநாள், நன்றாக வேகவைத்து, பருப்புக் கூட்டிலோ முட்டைப் பொரியலிலோ சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாறாக வேண்டாம். நடுவதற்குப் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியாகக் கேளுங்கள். இளந்தண்டு அழுகிவிடும்.