குன்னூர் வீட்டுக்கு எல்எஸ்3/5ஏ-வா, கிளிப்ஷ்ஹார்னா?

குன்னூர்க்காரன்: ஹால் 10-க்கு 12 அடி, கையில் 8 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்). மச்சான் கிளிப்ஷ் பிராண்ட் தவிர எதையும் ஸ்பீக்கர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டான், அவர்களின் பெரிய கிளிப்ஷ்ஹார்னை வாங்கச் சொல்கிறான்; எனக்கோ பிபிசி வடிவமைத்த சின்ன ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ மேல் ஆசை. எதை வாங்கலாம்?

கோத்தகிரி டீ: பிராண்டை விடுங்கள், சென்சிடிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். எல்எஸ்3/5ஏ சுமார் 82 டெசிபல், கிளிப்ஷ்ஹார்ன் 105. அதே சத்தத்துக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் வாட் இரட்டிக்க வேண்டும், எல்எஸ்3/5ஏ-வுக்கு உங்கள் ஆம்ப் மூச்சு வாங்கும். ஆனால் கிளிப்ஷ்ஹார்னுக்குச் சுவர் மூலை வேண்டும், பாஸ் (தாழ்ந்த ஒலி) நிறைவாக வர அதுதான் துணை.

ஊட்டிப் பனி: மூலையா? எங்கள் வீட்டு மூலையில் ஜூலையில் பூஞ்சைதான் வரும்! பழையது வாங்கினால் ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், ஈரத்தில் மாவாக உதிரும், நான் ஒரு ஜோடியை அப்படித் தொலைத்தேன். ரப்பர் விளிம்பு பரவாயில்லை.

குன்னூர்க்காரன்: சரி, ஆம்ப்பை மாற்றிவிட்டு எல்எஸ்3/5ஏ. மச்சானிடம் அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்.