கணக்காளர் தேர்வுகளில் தாள் விலக்கும் பரஸ்பர அங்கீகாரமும்: எதுவரை ஏற்கலாம்?

பேரேடு:
எங்கள் தணிக்கைக் குழுவில் சேர வந்த இளையர்களை நேர்கண்டபோது எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கணக்காளர் அமைப்பான ஏசிசிஏவின் தகுதிக்கான 13 தாள்களில் 9 தாள்கள் வரை, முன்பு பெற்ற பட்டத்தையோ பட்டயத்தையோ காட்டி விலக்குப் பெறலாம். அப்படி ஒன்பதிலும் விலக்குப் பெற்ற ஒருவரால், துணை நிறுவனத்தை நிதியாண்டின் நடுவில் வாங்கினால் ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையில் நற்பெயரை (வாங்கிய நிறுவனத்தின் நிகரச் சொத்து மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்த தொகையை) எப்படிக் கணக்கிடுவது என்று சொல்ல இயலவில்லை. கல்லூரித் தேர்வில் பெரும்பாலும் பாடம் நடத்தியவரே வினாத்தாளையும் அமைக்கிறார். தொழில்முறை அமைப்பின் தேர்விலோ, வினா அமைப்பவருக்கு மாணவரையும் தெரியாது, அவர் படித்த குறிப்புகளையும் தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கருதி விலக்கு அளிப்பது சரியா?

இரட்டைப் பதிவு:
ஐயா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்து, சில தாள்களில் விலக்குப் பெற்று, மற்றவற்றை வேலை பார்த்துக்கொண்டே எழுதியவன். விலக்கு என்பது யாரும் தூக்கிக் கொடுக்கும் சலுகை அன்று. எழுதாத தாளுக்கும் கட்டணம் உண்டு (என் வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, எழுதியதற்கும் எழுதாததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை). எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, அதில் எந்தப் பாடம் என்று பார்த்த பிறகே விலக்கு முடிவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி 4 தாள்களுக்கு விலக்கே கிடையாது. நீங்கள் கேட்ட நற்பெயர்க் கணக்கு அந்த நான்கில் ஒன்றான வணிக அறிக்கையிடல் தாளில் இன்னும் கடுமையாக வருகிறது. உங்களிடம் வந்தவர் அதை எழுதி முடித்தவரா?

பேரேடு:
இன்னும் எழுதவில்லை. ஆனால் விலக்குக் கடிதத்தைத் தேர்ச்சிச் சான்றுக்கு நிகராக நினைத்துக்கொண்டு வந்தார் என்பதுதான் சிக்கல். பரஸ்பர அங்கீகாரத்தில், அதாவது இரு நாடுகளின் அமைப்புகள் ஒன்று மற்றதன் உறுப்பினர்களை ஏற்பதில், இது இன்னும் பெரிதாகிறது. ஒரு நாட்டில் விலக்குகளின் துணையோடு உறுப்பினராகி, அந்த உறுப்புரிமையைக் காட்டி வேறொரு நாட்டின் அமைப்பில் சேர்ந்துவிட்டால், அடிப்படைத் தாள்களில் அவரை நேரடியாகச் சோதித்த அமைப்பு எது?

காவிரிக்கரை:
நான் இந்தியாவில் பட்டயக் கணக்காளராகி, இப்போது சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு குழுமத்தின் நிதிப் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் சொல்லும் சங்கிலித் தொடரைத் தடுக்கப் பல ஒப்பந்தங்களில் நிபந்தனை உண்டு: சொந்த அமைப்பின் வழக்கமான தேர்வுகளையும் பயிற்சியையும் முடித்து உறுப்பினரானவருக்கே அங்கீகாரம்; இன்னோர் ஒப்பந்தத்தின் வழியாக உள்ளே வந்தவருக்கு இல்லை.

இங்கே இரண்டு வேறு கேள்விகள் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். பட்டயக் கணக்காளர் என்ற உறுப்புரிமையைத் தருவது தொழில்முறைக் கழகம். தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் பொதுக் கணக்காளராகப் பதிவு செய்வது, இங்குள்ள நிறுவனங்களையும் பொதுக் கணக்காளர்களையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான அக்ரா. முதலாவதை எவ்வளவு தாராளமாக ஏற்றாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. ஆசியான் நாடுகள் 2014 நவம்பரில் நேப்பிடோவில் கையெழுத்திட்ட கணக்கியல் சேவை அங்கீகார ஒப்பந்தத்தையே பாருங்கள். ஆசியான் பட்டயக் கணக்காளராகப் பதிவு செய்தவர் மற்ற உறுப்பு நாடுகளில் பணியாற்ற அது வழிவிடுகிறது. ஆயினும் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடுவதையும், உள்நாட்டு உரிமம் தேவைப்படும் பிற பணிகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

எனவே என்னைப் போன்றவரிடம் சோதிக்க வேண்டியது இந்நாட்டுக்கே உரியவற்றை மட்டும்தான். இங்கு பட்டியலிடப்பட்ட சிங்கப்பூர் நிறுவனங்கள் 2018 முதல் பின்பற்றும் நிதி அறிக்கைத் தரநிலைகள், அனைத்துலகத் தரநிலைகளோடு ஒத்தவை. மாறுபடுவது நிறுவனச் சட்டமும் வரியும்: 17 விழுக்காட்டு நிறுவன வருமான வரி, பங்காதாயத்தின்மீது பங்குதாரருக்கு வரி இல்லாத ஒற்றையடுக்கு முறை, 2024 முதல் 9 விழுக்காடான பொருள் சேவை வரி. இவற்றுக்கு ஒரு தாள் வையுங்கள், எழுதுகிறேன். பற்று வரவை மீண்டும் எழுதச் சொல்வது சோதனை அன்று, சுங்கச்சாவடி.

பேரேடு:
அம்மா, உரிமம் வேறு, உறுப்புரிமை வேறு என்பதை மறுக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லையே! பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பார்த்தே கடன் ஒப்பந்தங்களையும் மதிப்பீடுகளையும் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கணக்குகளைத்தான் நாங்கள் பிறகு தணிக்கை செய்கிறோம். மேலும், வரிச் சட்டத்தை ஒரு தாளில் சோதித்துவிடலாம். வாடிக்கையாளர் வருவாயை முன்கூட்டியே பதிவு செய்ய வற்புறுத்தும்போது மறுத்து நிற்கும் பழக்கத்தை எந்தத் தாளில் சோதிப்பீர்கள்? அது மேற்பார்வையாளரின் கீழ் வேலை பார்த்து வருவது.

இரட்டைப் பதிவு:
அப்படியானால் உங்கள் வாதம் தாள் விலக்குக்கு எதிரானதாகவே இல்லை. ஏசிசிஏ உறுப்பினராகவும் 3 ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் தகுதிக்கும் 3 ஆண்டுதான். விலக்குப் பெற்றவருக்கும் அதில் ஒரு நாள்கூடக் குறையாது. அந்த அனுபவத்தை மேற்பார்வையாளர்கள் எப்படிச் சான்றளிக்கிறார்கள் என்று கேளுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். என் நண்பர் ஒருவரின் அனுபவப் பதிவேட்டை அவருடைய மேலாளர் படித்துப் பார்க்காமலேயே ஒப்பமிட்டார். நற்பெயர்க் கணக்குதான் கவலை என்றால், நேர்காணலிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க என்ன தடை?

பேரேடு:
கொடுத்துத்தான் பார்த்தோம். அதனால்தான் இந்தத் திரியையே தொடங்கினேன். அனுபவப் பதிவேட்டைப் பற்றித் தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன்.